ராஜாவின் முதுகு

பள்ளிக்கூட நாடகங்களுக்கு ராஜா உடுப்புத் தைத்துத்தான் என் அக்கா பிழைத்தாள், புருஷன் விட்டுப் போன பிறகு மகனையும் வளர்த்தாள். ஏழு வயதுச் சக்கரவர்த்திக்கு முன்பக்கம் சிவப்பு வெல்வெட்டும் ஜரிகையுமாக ஜொலிக்கும். பின்பக்கம் முழுக்கப் பழைய பெட்ஷீட்தான். வெல்வெட் விற்கிற விலையில் ராஜாவுக்கு முதுகு ஒரு கேடா என்பாள்.

அளவு கொடுக்க வரும் பிள்ளைகளிடம் கறாராகச் சொல்லி அனுப்புவாள்: "மேடையில என்ன ஆனாலும் திரும்பாத. உள்ள போறப்பவும் பின்பக்கமாவே நடந்து போ."

ஒரு வருஷம் அவள் மகனே ராஜாவானான். எதிரி வாளை ஓங்கியதும் பயல் எல்லாவற்றையும் மறந்து திரும்பி ஓடினான். ராஜாவின் முதுகில் ஊதாப் பூப்போட்ட பெட்ஷீட்டைப் பார்த்து ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. வீட்டுக்கு வந்ததும் அக்கா அந்த முதுகிலேயே இரண்டு வைத்தாள்.

"எத்தன தடவடா சொன்னேன்? பின்பக்கத்த வெளிய காட்டலாமா?"

பாடம் அவனுக்கு நன்றாகவே ஏறிவிட்டது. இப்போது அவன் பெரிய அதிகாரி. போன வாரம் அவனுடைய புது வீட்டைப் பார்க்கப் போய், இஸ்திரி போட்ட சேலை கட்டி நானும் அக்காவும் கூடத்துச் சோபாவில் உட்கார்ந்திருந்தோம். வாசலில் அவன் மேலதிகாரியின் கார் வந்து நின்றது.

"அம்மா, அவங்க போற வரைக்கும் நீயும் சித்தியும் பின்னாடி ரூம்ல இருங்களேன்" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என்னை இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"விடுடி. முன்பக்கம் நல்லாத்தானே தச்சிருக்கேன்."