சொல்தா என்னிடம் கேட்ட ஒரே உதவி

வாருங்கள் ஐயா, உட்காருங்கள். வீட்டில் எல்லோரும் சுகம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நினைவு மலருக்கு நான் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றீர்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை அரியாங்குப்பத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது மருமகன் போன் செய்தான். "மாமா, சொல்தா பூட்டாரு." பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை இங்கே சொல்தா என்போம். அருளப்பன் என்ற அவருடைய பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. நேரில் கூப்பிடுவதென்றால் பிரெஞ்சுக்காரர் மரியாதைப்படி 'முசே'. காலையில் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்பார். ஒருநாள் எனக்கும் தந்தார். ஊறிய ரொட்டி கோப்பைக்குள்ளேயே விழுந்துவிட்டது. அதை எடுக்க நான் பட்ட பாடு... சரி, அது கிடக்கட்டும்.

எங்கள் தெரு மில் தொழிலாளிகள் தெரு. பஞ்சுத் தூசியில் எங்களுக்கு மூச்சிளைப்பு வந்தது. மில் மூடிய பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் ஏன் இளைக்கிறது? அதைக் கண்டுபிடிக்கத்தான் சொல்தா பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குப் பணம் கொடுத்தார். பிள்ளைகள் குழாயில் ஊத வேண்டும், கொஞ்சம் ரத்தம் கொடுக்க வேண்டும். மாதாமாதம், இரண்டு வருஷம்.

டீக்கடையில் நான்தான் அவரைச் சீண்டினேன். "முசே, அன்னதானம் போட்டா புண்ணியம். ஊசி போட்டா இன்னா கெடைக்கும்?"

சிரித்தார். "மருந்து வாங்கிக் குடுத்தா ஒரு புள்ள மூச்சு வுடும்பா. ஏன் இளைக்குதுன்னு தெரிஞ்சா எல்லாப் புள்ளையும் மூச்சு வுடும்."

அவர் போனதும் பெஞ்சில் இருந்தவர்கள் என் வாயைப் பார்த்தார்கள். நாலு பேர் வாயைப் பார்த்தால் எனக்குக் கதை வந்துவிடும். "ரத்தம் எங்க போவுது தெரியுமாடா? கப்பல்ல பிரான்சுக்கு! அங்க ஒரு கெழவன் நம்ம புள்ளைங்க ரத்தத்தக் குடிச்சிட்டு நூறு வயசு தாண்டி வாழறான்!" கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அடுத்த மாதம் நர்ஸ் வந்து உட்கார்ந்திருந்தார். மூன்று பிள்ளைகள்தான் வந்தார்கள்.

சொல்தா என் வீட்டுக்கு வந்தார். அதுவரை என் வாசலை மிதித்ததில்லை. "எவனோ ஒரு கதையக் கட்டி உட்டுட்டான் தம்பி. பாதியில நின்னா இதுவரைக்கும் குத்துன ஊசியெல்லாம் வீணு. நீ சொன்னா ஜனம் கேக்கும். சொல்றியா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரி முசே" என்றேன்.

வீடுவீடாகப் போனேன், பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது வீட்டில் செல்வி கேட்டாள்: "பயமா இருக்குது மாமா. கப்பல் கதைய மொதல்ல யாரு சொன்னது?"

"யாருக்கும்மா தெரியும்" என்றேன். அவள் கதவைச் சாத்தினாள். மற்ற வீடுகளிலும் அப்படித்தான். டாக்டரம்மா எங்கள் தெருவை விட்டுவிட்டார்.

ஐயா, அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து சொல்தா கையில் ரொட்டியோடு வந்தார். "நீ ஒருத்தன்தான் எனக்காகத் வூடு வூடா அலஞ்சே" என்று என் தோளைத் தட்டினார். அந்த ரொட்டியை வாங்கித் தின்றேன். அதற்குப் பிறகு அவர் வருவது தெரிந்தால் வேறு சந்தில் திரும்பிவிடுவேன்.

இப்போது அந்தச் சோதனைக்கே பணம் என்று உயில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதே தெரு, அதே பிள்ளைகள், மறுபடி முதலிலிருந்து என்று. படத்திறப்புக்கு டாக்டரம்மா வந்திருக்கிறார். செல்வியும் மற்றத் தாய்மார்களும் அதோ அந்தப் பந்தலில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு, அனுப்பலாமா வேண்டாமா என்று உட்கார்ந்திருக்கிறார்கள். படத்தில் சொல்தா மெடல் குத்திக்கொண்டு நேராகப் பார்க்கிறார். அந்தக் கப்பலை விட்டவன் நான்தான் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்ன பிறகுதான், முசே, போய்வாருங்கள் என்று கும்பிட எனக்கு...

"பெரிப்பா! பேசறதுக்கு மைக்குல ஒங்க பேரச் சொல்லிட்டாங்க, எழுந்து வாங்க!"

வருகிறேன்டா. ஐயா, நீங்களும் பந்தலுக்கு வாருங்கள், நான் சொல்லாமல் இறங்கிவிட்டால் நீங்களாவது எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டிவிடுங்கள்.