ஐம்பத்தாறு என்று எழுதிய ஷார்ஷென்

டெலிபோன் கம்பி வழியே இணையம் பிடிக்கும் மோடம் கீச்சிட ஆரம்பித்ததும் ஷார்ஷென் குனிந்து அதன் முதுகில் காதை வைப்பார். திரையில் வேகத்தின் எண் விழுவதற்குள் தானே அறிவித்துவிடுவார்: "இருபத்தாறாயிரத்து நானூறு!" அதற்குமேல் வந்ததில்லை. நாரின் நகரத்துக்கு இணையம் விற்கும் அவருடைய கடை ஜன்னலில் மட்டும், அவரே சிவப்பு மையில் எழுதிய 'நொடிக்கு 56,000 பிட்' எந்த வெயிலுக்கும் வெளுக்கவில்லை.

குறை சொல்ல வருகிறவர்களுக்கு முதலில் டீ. பிறகு அவரே தன்னைத் திட்டிக்கொள்வார். வந்தவருக்கு அந்த வேலை மிச்சம். "மோடம் பெட்டியில போட்டிருக்கற ஸ்பீடு, பொண்ணு பார்க்கப் போனப்ப நான் சொன்ன குதிரைக் கணக்கு மாதிரி. இருபதுன்னேன். இருந்தது ஏழு. அதுல ஒண்ணு நொண்டி." மீதிப் பதிமூன்றை மனைவி இன்னும் விசாரித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

காரணங்களை அவர் கற்றுக்கொண்டது விற்ற பிறகுதான். ஐம்பத்தாறு கிடைக்க டிஜிட்டல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேண்டும். நாரினில் இருப்பதோ, எண்ணைச் சுற்றினால் அலமாரி அலமாரியாக டக்டக்கென்று தட்டும் கிழம். மனிதர்கள் பேசி நலம் விசாரிக்கக் கட்டியது, கணினிகளுக்கு அல்ல. போதாததற்குக் கம்பியில் இரைச்சல் கேட்டால் இரண்டு முனை மோடமும் பேரம் பேசி வேகத்தை இறக்கிக்கொள்ளும்.

மார்ச்சில் ஈரப்பனி கொட்டிய ஒரு நாள், நாலரை மணிக்கு, இயற்பியல் ஆசிரியை புருல் வந்தார். தலைநகர் பிஷ்கெக்கில் ஆறு மாதப் பயிற்சிக்கான விண்ணப்பம் ஐந்துக்குள் போய்ச் சேர வேண்டும். விட்டால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். சான்றிதழ்ப் படங்கள் அறுநூறு கிலோபைட்.

"ஒன்றரை நிமிஷம் போதும்ணே. கணக்குப் போட்டுட்டுத்தான் நிதானமா நடந்து வந்தேன்."

"எந்தக் கணக்கு, டீச்சரம்மா?"

"உங்க ஜன்னல்ல இருக்கற கணக்கு."

ஷார்ஷென் முதலில் டீயை ஊற்றினார். "அது வாங்கறதுக்கு. அனுப்பறதுக்கு முப்பத்துமூணுன்னு பெட்டிக்காரனே போட்டிருக்கான். அதுவும் நமக்கு வராது. நான்தான் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாக்கல."

"படிக்காமலா எழுதினீங்க?"

"படிச்சிருந்தா எழுதியிருப்பேனா?"

முதல் முறை அனுப்பியபோது பாதியில் இணைப்பு அறுந்தது. இரண்டாம் முறை முக்காலில். மணி நாலு ஐம்பது. ஷார்ஷென் டெலிபோன் ரிசீவரை எடுத்துக் கேட்டார். ஆட்டுக்கறி வறுபடுகிற மாதிரி சத்தம். "வெளிப்பெட்டியில தண்ணி இறங்குது. நீங்க மறுபடி போடுங்க!" என்று வெளியே ஓடினார்.

ஜன்னலை ஒட்டிய சுவரில், கம்பிகள் சேரும் பெட்டிக்கு மூடி இல்லை. கோட்டு முனையால் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பனி விழுந்தது. தரையில் வைத்தாலே மரியாதைக் குறைவென்று வீட்டில் சண்டை வரும் வெள்ளைக் கம்பளித் தொப்பியைத் தலையிலிருந்து எடுத்து, பெட்டியின்மேல் கவிழ்த்து, இரு கையாலும் அழுத்திக்கொண்டார்.

எதிர்க்கடைக் கசாப்புக்காரர் கத்தினார்: "என்னய்யா, பெட்டிக்குக் குளிருதா?"

"அதுவாவது ஒரு வேலை செய்யுதே! என் தலை என்ன செஞ்சுது?"

மனசுக்குள் அவர் நிறுத்தாமல் வேண்டிக்கொண்டிருந்தார், வாய் மட்டும் சிரித்தது. ஐந்துக்கு மூன்று நிமிஷம் இருக்கையில் புருல் ஜன்னலைத் தட்டினார். "போயிடுச்சுண்ணே! போயிடுச்சுன்னு திரையிலயே போட்டிருக்கு. உள்ள வாங்க!"

"போட்டிருக்கும், போட்டிருக்கும். நானும்தான் ஜன்னல்ல போட்டிருக்கேன். கிடைச்சுதுன்னு அவங்க பதில் வரட்டும்."

வழுக்கையில் பனி படிந்துகொண்டிருந்தது. ஷார்ஷென் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்து, அதன் விளிம்பைப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்தார்.