மறைத்து வைக்கச் சொன்ன சட்டம்

அப்போது நான் வளைகுடா நாடொன்றில், குதைபியா என்ற பகுதியில் ஒரு மளிகைக்கடைக்கு மேலே ரூம் எடுத்திருந்தேன். என் வீட்டுக்காரர் அமெரிக்காவில், அவருடைய அத்தான் நடத்திய லாட்ஜில் இருந்தார். கல்யாணமாகி நாங்கள் சேர்ந்து வாழ்ந்தது மொத்தமே நாற்பது நாள். எனக்கு அமெரிக்க விசா வருகிறவரை கிளினிக்கில் நர்ஸ் வேலை, வெள்ளிக்கிழமை போன். அதுதான் எங்கள் குடித்தனம்.

அவருக்கு எப்போதும் நைட் டூட்டி. ஒரு வெள்ளிக்கிழமை சாவகாசமாகச் சொன்னார். அவர் இருக்கிற மாநிலத்தில் லைசென்ஸ் எடுத்தவர்கள் கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ளலாமாம். இப்போது அந்தச் சட்டத்தை இன்னும் தளர்த்தப் பார்க்கிறார்களாம். லைசென்ஸ் சுலபமாகக் கிடைக்குமாம், முன்பு கூடாது என்ற இடங்களுக்கும் கொண்டுபோகலாமாம். ரூம் கேட்டு வருகிறவன் எல்லாம் வைத்திருப்பான், நீயும் ஒன்று வாங்கி இடுப்பில் சொருகிக்கொள் என்று அத்தான் நச்சரிக்கிறாராம்.

எனக்கு வந்ததே கோபம். ஊசி போட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷனுக்குத் துப்பாக்கி ஒரு கேடா என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே காலிங் கார்டில் காசு தீர்ந்து லைன் அறுந்தது. வாரமெல்லாம் காத்திருந்து, ஆசையாக ஒரு வார்த்தை பேசாமல் போனேனே என்று அன்று முழுக்க அழுதேன்.

கீழே கடை வைத்திருந்த கீழக்கரை பாய், அடுத்த வாரம் நான் கேட்காமலே இரண்டு காலிங் கார்டு எடுத்து வைத்தார்.

"ஒண்ணு சண்டைக்கு, ஒண்ணு சமாதானத்துக்கும்மா."

சமாதானமாகத்தான் ஆரம்பித்தேன். ஊரிலிருந்து அவர் கிளம்பிய அன்று கறுப்புக் கயிறு வாங்கி, அரைஞாணாக நானே அவர் இடுப்பில் கட்டி அனுப்பியிருந்தேன். அதை நினைவுபடுத்தி, "நான் கட்டுன கயிறு இருக்குல்ல, அது போதும் உங்களுக்கு" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பக்கத்தில் இருந்து கேட்க எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்!

சில மாதம் கழித்து, சட்டம் மாறிவிட்டது என்றார். நீங்கள் வாங்கினீர்களா என்று கேட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்டார். அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமை கேட்டாலும் அதே பதில்தான். மறைத்து வைக்கத்தானே சட்டம், பெண்டாட்டியிடமும் மறைக்கலாம் போலிருக்கிறது.

பதினைந்து நாள் லீவில் என்னைப் பார்க்க வந்தார். பொது இடத்தில் கட்டிப்பிடிக்காதீர்கள், இது அரபு நாடு என்று புதிதாக வரும் நர்ஸ்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். அவரைப் பார்த்ததும் ஏர்போர்ட் வாசலிலேயே கட்டிக்கொண்டேன். பிளேனில் வந்தவரிடம் துப்பாக்கி இருக்காது என்று தெரியாத மடச்சியா நான்? இருந்தும் கை தானாக அவர் இடுப்பைத் தடவியது. சட்டைக்கு அடியில் கயிறுதான் இருந்தது. தொளதொளவென்று இருந்தது. அவ்வளவு மெலிந்திருந்தார்.

அவருக்குப் புரிந்துவிட்டது.

"அது அங்க டிராயர்ல இருக்கு பிள்ள."

ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சண்டை எல்லாம் தொண்டைவரை வந்தது. பதினைந்து நாளில் ஒரு நாளைக்கூட அதற்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. ரூமுக்கு வந்ததும் பழைய கயிற்றை அறுத்துவிட்டுப் புதுசு கட்டினேன். வலிக்கிறது என்றார். இருக்கட்டும் என்று இறுக்கியே முடிச்சுப் போட்டேன்.