மூடியில் வைத்த குங்குமம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எண்பதுகளின் நடுவில், இருபத்தாறு வயதில், அது இன்னும் மோசமாக இருந்தது. அந்தக் கோபத்தில் நான் செய்த ஒரு அநியாயத்தையும் அதே மாதத்தில் நான் பட்ட சந்தோஷத்தையும் பிரித்துச் சொல்ல எனக்கு வராது. இரண்டும் ஒரே பாத்திரத்தில் வெந்தவை.

பாத்திரம் என்றால் நிஜப் பாத்திரம்தான். தடித்த ஸ்டீல், மேலே திருகு மூடி, உள்ளே டெஃப்லானில் ஒரு வெள்ளைக் கிண்ணம். பல்கலைக்கழக லேபில் எல்லாரும் அதை ‘பாம்’, அதாவது வெடிகுண்டு, என்பார்கள். எனக்கு அது குக்கர். கிண்ணத்தில் துரு நிறத்தில் கொஞ்சம் இரும்புச் சேறு, உப்புத் தண்ணீர், துளியூண்டு குரோமியம், துளியூண்டு துத்தநாகம் போட்டு, மூடியை முறுக்கி, இருநூறு டிகிரி அடுப்பில் பதினான்கு நாள் வைப்பேன். திறக்கும்போது சேறு மறைந்து, ஹேமடைட் என்ற செக்கச்சிவந்த இரும்புக் கனிமம் தூளாக உட்கார்ந்திருக்கும். பூமிக்கடியில் சூடான உப்புத் தண்ணீர் பாறை இடுக்குகளில் ஓடும்போது நடக்கிற அதே காரியம்தான். நான் போட்ட துளி உலோகம் அந்தத் தூளுக்குள் குடியேறியதா, தண்ணீரிலேயே தங்கிவிட்டதா என்பதுதான் என் கேள்வி. தூளில் இருப்பதைத் தண்ணீரில் இருப்பதால் வகுத்தால் ஓர் எண் வரும். அந்த எண்ணுக்காக இரண்டு வருஷம் செலவழித்தேன்.

அம்மாவுக்கு இதைப் புரியவைக்க, பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் தெருவில் அறை வாடகைக்கு விடும் ஆன்டிகளைத் துணைக்கு இழுத்தேன். ஹேமடைட் அப்படி ஒரு ஆன்டி. இரும்பின் அளவுக்கும் குணத்துக்கும் ஒத்துவருகிற ஆள் வந்தால் உடனே கதவைத் திறக்கும். குரோமியம் அந்த ரகம். பெரிய பெட்டி படுக்கையோடு வருகிறவர் வாசலில் நிற்க வேண்டியதுதான். யாரை உள்ளே விட்டது என்று தெரிந்தால், அந்தப் பாறையை எந்த மாதிரித் தண்ணீர் தொட்டுவிட்டுப் போனது என்று கோடி வருஷம் கழித்தும் சொல்லிவிடலாம் என்றேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சம்பளம் எப்போது வரும் என்றார்.

சம்பளம் இருக்கட்டும், பட்டம் வருமா என்பதே அப்போது சந்தேகம். நவம்பர் முடிவில் அடுப்பு வேறொரு துறைக்குப் போகிறது. எனக்கு மிச்சமிருந்தது இரண்டே சமையல். அதில் ஒன்றாவது என் சீனப் பேராசிரியர் நம்பும்படி வராவிட்டால் மாஸ்டர்ஸ் கிடையாது, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதல் சமையலுக்கு முந்தின நாள் ஆயுத பூசை. அப்பா ரயில்வேயில் கிளார்க், ஆபீஸ் டைப்ரைட்டருக்கும் ஸ்டேப்ளருக்கும் பொட்டு வைத்தவர். அவர் பெண் மட்டும் சும்மா இருப்பாளா? சாயங்காலம் பொரி, கடலை, வாழைப்பழத்தோடு லேபுக்குப் போய், பாமின் மூடிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்தேன். பட்டம் கிடைக்க வேண்டுமே, மூடியின் விளிம்பைச் சுற்றித் தாராளமாகவே வைத்தேன்.

லேபுக்கு ஒரு அசிஸ்டன்ட் அண்ணன் இருந்தார். ஐம்பதை நெருங்கியவர், கத்தோலிக்கர், சுங்கை வேயிலிருந்து தினமும் தன் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில் வருவார். அது மலையேறி வரும் சத்தத்தை வைத்தே நாங்கள் கடிகாரத்தைச் சரிபார்க்கலாம். பூசைப் பொரியைக் கை நிறைய வாங்கிக்கொண்டு ஓரமாக நின்று சாப்பிட்டார். ஒவ்வொரு சமையலுக்கு முன்னும் மூடியை அசிட்டோன் நனைத்த துணியால் துடைப்பது அவர் வழக்கம். மறுநாள் காலையும் துணியோடு வந்துவிட்டார்.

“மூடியத் தொடைச்சிடவா மிஸ்?”

“பூசையில வச்ச பொட்ட யாராச்சும் அழிப்பாங்களா அண்ணே? விடுங்க.”

அவர் துணியை மடித்து வைத்துவிட்டுப் போனார். நான் கிண்ணத்துக்கு மேல் மூடியைப் பிடித்து, முறுக்கி, அடுப்பில் வைத்தேன்.

பதினான்கு நாள் கழித்துத் தண்ணீரை வடித்து எடுத்து, இருபது உலோகங்களை ஒரே மூச்சில் அளக்கும் பெரிய கருவிக்கு அனுப்பினேன். தூளைக் கழுவி அமிலத்தில் கரைக்க இன்னும் சில நாள் ஆகும் என்பதால் தண்ணீரின் கணக்குதான் முதலில் வந்தது. காகிதத்தில் காரீயம் என்ற இடத்தில் ஒரு பெரிய எண். நான் காரீயமே போடவில்லை. பேராசிரியர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு சாமான் உள்ளே இருக்கிறது என்றால், மற்ற எண்களையும் நம்ப முடியாது, குப்பையில் போடு என்றார்.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. பெட்ரோலில் காரீயம் கலந்து விற்ற காலம் அது. நேரே அண்ணனிடம் போனேன், நடைபாதையில் நாலு பேர் நிற்கும்போதே ஆரம்பித்தேன்.

“மோட்டாரு டேங்கத் தொறந்த கையோட என் பாமைத் தொட்டிருக்கீங்க. எனக்கு இன்னும் ஒரே ஒரு சமையல்தான் பாக்கி, தெரியும்ல?”

கை கழுவிவிட்டுத்தான் தொடுவேன் என்று மெதுவாகச் சொன்னார். நான் விடவில்லை. பெட்ரோல் வாடை இங்கே வரைக்கும் வருகிறது என்றேன். வாடையே இல்லை. கோபத்துக்கு அதெல்லாம் தேவையா என்ன?

இரண்டு நாள் கழித்து என் மேசையில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. காலையில் வந்ததும் கை கழுவிய தண்ணீர், சோதித்துப் பாருங்கள் என்று அவர் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம். சோதித்தேன். காரீயம் இல்லை. குழாய்த் தண்ணீரைச் சோதித்தேன், உப்பைச் சோதித்தேன், அமிலத்தைச் சோதித்தேன், எதிலும் இல்லை. கை கழுவிய தண்ணீரில் ஒன்றுமில்லை என்பதை அவரிடம் சொல்ல மட்டும் எனக்கு நேரம் கிடைக்கவில்லை. நேரம் இல்லாமலா போனது? வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வார வெள்ளிக்கிழமை காலை வீட்டில் அவசரமாக நெற்றியில் பொட்டு வைத்தபோது, வெள்ளைப் பீங்கான் தொட்டியில் சிவப்பாகக் கொஞ்சம் உதிர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெள்ளைத் தொட்டியில் உதிர்ந்தால் தெரிகிறது. செந்நிறச் சேற்றில் உதிர்ந்தால் எந்தக் கண்ணுக்குத் தெரியும்? ஐயையோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கோயில் வாசலில் பெட்டிக்கடையில் வாங்கிய, பெயரே போடாத குங்குமப் பொட்டலம் அது. இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுப் பொட்டலத்தோடு ஓடினேன்.

ஒரு சிட்டிகையைக் கரைத்துக் கருவியில் கொடுத்தேன். காரீயத்தின் எண் கட்டத்துக்குள் அடங்கவில்லை. கடைக்காரரோ அவருக்கு விற்றவரோ நிறத்துக்காக எதையோ கலந்திருக்கிறார்கள். தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அதே காகிதத்தின் அடியில் என் சிவப்புத் தூளின் கணக்கும் அச்சாகியிருந்தது. குரோமியம், ஏறக்குறைய முழுசும் தூளுக்குள். துத்தநாகம், கொஞ்சம் இங்கே கொஞ்சம் அங்கே. காரீயம், ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம்.

மூன்று தரம் படித்தேன். காரீயத்தின் அணு பெரிசு. பெட்டி படுக்கையோடு வந்த ஆள். ஆன்டி அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார். எந்த எண்ணைக் காட்ட நான் இரண்டு வருஷம் முட்டி மோதினேனோ, அதை என் நெற்றிப் பொட்டு காட்டிவிட்டது. எனக்குத் தலை கால் புரியவில்லை. லேபுக்குள்ளேயே இரண்டு சுற்று ஆடினேன், சத்தியமாக ஆடினேன், ஒரு முக்காலி கவிழ்ந்தது. பேராசிரியர் அறைக்குப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி, மூச்சு வாங்க, சாமி, பொட்டு, காரீயம் என்று ஆங்கிலத்தில் உளறினேன். அந்தச் சீன மனிதர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு, காரீய உப்பை ஒழுங்காக நிறுத்துப் போட்டு இன்னொரு தரம் செய், குங்குமத்தையும் மறைக்காமல் ஆய்வேட்டில் எழுது என்றார். அன்றைக்கே அடுப்பில் வைத்தால்தான் நாள் சரியாக இருக்கும்.

பறந்து கீழே வந்தேன். அண்ணன் இல்லை. வெளியே பேய் மழை. ஒன்பதரைக்கு வந்தார், சட்டை பிழியப் பிழிய நனைந்து, குடை இல்லாமல். சிரித்துக்கொண்டே, மோட்டாரு என்ன ஆச்சு அண்ணே என்று கேட்டேன்.

“வீட்டுல இருக்கு மிஸ். பெட்ரோல் கை வேணாம்னுதான் பஸ்ல வரேன். ரெண்டு மினி பஸ் மாறணும்லா, அதான் லேட்டு.”

அந்தப் பாட்டிலை வைத்த மறுநாளிலிருந்து ஒன்பது நாளாக அப்படித்தான் வந்திருக்கிறார். தினமும் காலையில் கேட்கும் மோட்டார் சத்தம் கேட்காததை நான் கவனிக்கக்கூட இல்லை. என் ஆட்டமெல்லாம் அடங்கிப்போய், லேபில் எல்லாரும் பார்க்கக் கையிலிருந்த காகிதத்தை அவரிடம் நீட்டினேன். தப்பு என்னுடையது, காரீயம் என் குங்குமத்தில் இருந்தது, நீங்கள் துடைக்க வந்தபோது விட்டிருந்தால் இது நடந்தே இருக்காது என்று சொன்னேன். எல்லார் முன்னாலும் திட்டினேன், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அவர் காகிதத்தை வாங்கவில்லை, கை ஈரம் என்று. உள்ளே போய்த் துணியையும் அசிட்டோனையும் எடுத்து வந்தார்.

“மூடியத் தொடைச்சிடவா மிஸ்?”

“தொடைங்க அண்ணே. ரெண்டு தரம் தொடைங்க. நாளைக்கு மோட்டார்லயே வாங்க.”

“ரிசல்ட் வரட்டும் மிஸ். அதுவரைக்கும் பஸ்ஸே இருக்கட்டும்.”

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பதினான்கு நாளும், பிறகு தூள் கரைந்து கணக்கு வரும்வரையும், இரண்டு பஸ் மாறித்தான் வந்தார். நான் ஒரு குடை வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், அதுவே எனக்குப் பெரிசு.

கடைசி நாள் சாயங்காலம் காகிதம் வந்தது. குரோமியம் உள்ளே, காரீயம் வெளியே, அதே எண்கள், சொல்லிவைத்த மாதிரி. பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். நான் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, கீழே பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணனிடம், வந்துடிச்சு, நான் பாஸ் என்று கத்தினேன். அவர் குடையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்ததும் லேபுக்கு வந்துவிட்டேன். செய்ய ஒரு வேலையும் இல்லை. அடுப்பைக்கூடத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழரை மணிக்கு, மலையடிவாரத்தில், அந்தக் கப்சாய் சத்தம் கேட்டது.