வளையத்தைத் தொடாத விரல்

ஒரு படிவத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அதில் எழுதியிருப்பது பொய். இப்போது கம்பெனிகளில் சேரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன். எனக்கு நல்ல பெயர் வரும்படி இதில் எதுவும் இல்லை.

சேர்ந்த நாள்

தொண்ணூறுகளின் கடைசியில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தேன். ஊர் திருநெல்வேலிப் பக்கம். வயது இருபது. உயரம் ஐந்தடி ஆறங்குலம். கூடைப்பந்தில் என் இடம் பாயிண்ட் கார்ட். உயரமானவர்கள் கூடைக்கு அடியில் நிற்பார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்வது நான்.

ஊழியர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசர் வரதராஜன் சார்தான் டீம் மேனேஜரும். முதல் நாளே சொன்னார்: "ரெண்டு வருஷம் டிரெயினி. நல்லா ஆடு, ஒழுங்கா இரு. கன்ஃபர்ம் பண்றது என் பொறுப்பு."

காலை ஆறு மணிக்குப் பிராக்டிஸ். எட்டரைக்குத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப். மூன்று மணிக்கு மறுபடி கோர்ட். மூன்று மணிக்கு என் பிரஸ்ஸில் நிற்க வருபவர் ஏழுமலை. வல்லக்கோட்டைக்காரர், காண்டிராக்ட் ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"இன்னா பிளேயரு, கெளம்பிட்டியா? நாங்க தகடு அடிச்சிகினு கெடக்கறோம், நீ பந்து அடிச்சி சம்பளம் வாங்கறே!"

"நீங்களும் வாங்கண்ணே, ஒரு ஆளு கொறையுது."

"நா வந்தா பந்தாண்ட ஓடமாட்டேன். முட்ட குடுக்கறாங்களாமே, அத்தாண்ட ஓடுவேன்."

டீமுக்குக் காலையில் பாலும் அவித்த முட்டையும் உண்டு. மறுநாளிலிருந்து ஒரு முட்டையைத் தாளில் சுற்றி அவருக்கு எடுத்துவைத்தேன். வாங்கிக்கொண்டு, கிண்டலையும் விடவில்லை.

விரல்

பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு சென்சார் இருக்கும். கை குறுக்கே போனால் பிரஸ் நின்றுவிடும். எங்கள் மெஷினில் அதன் பச்சை விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருந்தது. அதை நம்பித்தான் நின்றோம்.

கன்ஃபர்மேஷனுக்கு இரண்டு மாதம் இருந்தது. ஒரு நாள் டீ பிரேக்கில் எல்லோரும் போய்விட்டார்கள். நானும் சூப்பர்வைசரும் மட்டும் இருந்தோம். பிரஸ்ஸின் அச்சான டையில் ஒட்டிய ஸ்கிராப் துண்டை எடுக்கக் கையை விட்டேன். பிரஸ் நிற்கவில்லை. வலது கை ஆள்காட்டி விரலின் நுனி நசுங்கிவிட்டது. ஆட்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் என்னை வண்டியில் ஏற்றி ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் முதல் கணுவோடு எடுத்துவிட்டார்.

சாயங்காலம் வரதராஜன் சார் ஒரு படிவத்தோடு வந்தார்.

"கேட்டாண்ட போர்டு பாத்தல்ல? விபத்து இல்லாம ஆயிரம் நாள் ஆகப்போகுது. அடுத்த வாரம் கஸ்டமர் ஆடிட். இப்ப பிரஸ்ல அடின்னு எழுதினா பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்."

"சார், சென்சார் வேல செய்யல சார்."

"சும்மா சும்மா லைன் நிக்குதுன்னு அந்த சூப்பர்வைசர் அத வேல செய்யாம பைபாஸ் பண்ணி வெச்சிருக்கான். நான் சரி பண்ணச் சொல்றேன். நீ பிராக்டிஸ்ல பட்டதுன்னு ஒரு கையெழுத்து போடு. உன் கன்ஃபர்மேஷன் பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு."

'பயிற்சியின்போது கூடை வளையத்தின் கொக்கியில் விரல் சிக்கிக்கொண்டது' என்று எழுதியிருந்தது. நான் எவ்வளவு எகிறினாலும் வலையின் நுனிதான் கைக்கு எட்டும். வளையத்தை ஒரு நாளும் தொட்டதில்லை. டீம் மேனேஜருக்கு அது தெரியாதா? தெரியும். எனக்கும் தெரியும். இடது கையால் கையெழுத்துப் போட்டேன்.

கட்டோடு திரும்பிப் போனபோது ஏழுமலை ஷாப்பே கேட்கும்படி கத்தினார். "இன்னா பிளேயரு, பந்து கடிச்சிடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சொன்னபடி கன்ஃபர்ம் செய்தார்கள். ஆட்டம் போய்விட்டது. ஷூட் செய்யும்போது பந்து கடைசியாக அந்த விரல் நுனியிலிருந்துதான் கிளம்பும். நுனி இல்லாமல் எதுவும் நேராகப் போகவில்லை. அடுத்த சீசன் டீமில் என் பெயர் இல்லை. ஸ்டோர்ஸில் போட்டார்கள். இருபத்திரண்டு வயதில் பழைய ஆட்டக்காரன் ஆனேன்.

அதே மெஷின்

சென்சாரை யாரும் சரி செய்யவில்லை. விபத்தே நடக்காத மெஷினை எவன் நிறுத்துவான்? ஸ்டோர்ஸுக்கும் பிரஸ் ஷாப்புக்கும் நடுவில் ஒரே சுவர். சரி செய்தார்களா என்று ஒரு தடவைகூட எட்டிப் போய்க் கேட்கவில்லை. பர்மனென்ட் ஆகிவிட்ட திமிரும் பயமும்.

நான் ஸ்டோர்ஸுக்கு வந்த நாலு மாதத்தில் ஏழுமலை அதே மாதிரி ஸ்கிராப் எடுக்கக் கையை விட்டார். வலது கையில் நாலு விரல் போயிற்று. அன்றுதான் கேட்டில் இருந்த போர்டு பூஜ்யத்துக்கு வந்தது.

விசாரணையில், இந்த மெஷினில் இதற்கு முன் விபத்து எதுவும் இல்லை, ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். நான் வரதராஜன் சாரிடம் போனேன்.

"சார், என் விரல் போனதும் அந்த மெஷின்லதான். நான் எழுதித் தாரேன்."

அவர் ஃபைலைத் திறந்து என் படிவத்தை மேஜையில் வைத்தார். "இது யார் கையெழுத்து?"

எழுதிக் கொடுத்தேன். முன்பு சொன்னதற்கு முரணாக இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். ஏழுமலையைக் காண்டிராக்டர் நிறுத்திவிட்டான்.

வல்லக்கோட்டைக்குப் போய் அவரிடமே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பந்துல பட்டுச்சின்னுதான்டா நெனச்சிகினு இருந்தேன். கிண்டல் வேற பண்ணேன்."

"அண்ணே..."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா கைய வுட்டிருப்பனா? கம்பி வெச்சித் தள்ளியிருப்பேன். தெனம் முட்ட குடுத்தியே, இத்த சொல்லலியே."

கோபத்தை வரதராஜன் மேல் போட எனக்கு உரிமை உண்டு, இன்றும் போடுகிறேன். ஆனால் ஏழுமலை கேட்டது என்னைத்தான்.

பிள்ளைகளே, அடிபட்டால் எங்கே, எப்படிப் பட்டது என்று நடந்தபடி எழுதுங்கள். வேறு மாதிரி எழுதச் சொல்லிப் பேனாவை நீட்டினால், அடுத்த ஷிஃப்டில் அந்த மெஷினில் நிற்கப் போகிறவர் யார் என்று பாருங்கள். அவர் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் கை வந்தால் கையெழுத்துப் போடுங்கள்.