தலைவருக்கு ஓர் ஊர்வலம்

தலைவர் முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு நேராக மூன்றாம் பக்கத்துக்குப் போகிறார். தொழிலாளர் கட்சியின் நாளிதழில் போராட்ட அறிவிப்புகள் அங்கேதான் வரும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கருகே கொண்டுவந்து, மறியல், முற்றுகை, வேலைநிறுத்தம் என்று ஏதாவது தட்டுப்படுகிறதா என விரலை இறக்குகிறார். விரல் இரங்கல் செய்தியில் வந்து நிற்கிறது. யாரோ பழைய மில் தொழிலாளர் தலைவர். "இவரும் போயிட்டார்," என்கிறார். சொந்தத்தில் ஒரு சாவு விழுந்ததுபோல முகம் வாடிவிடுகிறது.

கடைத்தெருவில் அந்த நாளிதழுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சந்தாதாரர் இவர்தான். வியாபாரப் பத்திரிகைக்குள் மடித்து வைத்துப் படிப்பார். "எதிரி என்ன யோசிக்கிறான்னு தெரியாம நாம எப்படி சார் அரசியல் பண்றது?" எதிரி கொஞ்ச காலமாக எதையுமே யோசிக்கவில்லை என்பதுதான் அவருடைய கவலை.

தொழில், இரும்பு ஷட்டர் செய்து மாட்டுவது. தெருவில் அநேகமாக எல்லாக் கடைகளின் ஷட்டரும் இவர் மாட்டியது. வணிகர் சங்கத்துக்கும் நெடுங்காலமாக இவரே தலைவர். இரண்டும் ஒரே தொழில்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு, அவர் காதில் விழாமல்.

சும்மா பயப்படுகிறவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. மில் மூடப்பட்ட வருஷம், தொழிலாளர் ஊர்வலத்தின்போது, இந்தத் தெரு எரிந்தது நிஜம். துணிக்கடை ஒன்று கூரையோடு போனது. அப்போது இளைஞராக இருந்த இவர், கல்லாப்பெட்டிக்கு அடியில் அப்பாவின் தலையைத் தன் இரண்டு கைகளாலும் மூடியபடி பகல் முழுக்கக் கிடந்திருக்கிறார். "ஒரு கடையை உண்டாக்க ஆயுசு பூராவும் ஆகுது. கொளுத்துறதுக்கு ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம் போதும். இதைத்தான் நான் சொல்றேன். வேற என்ன தப்பா சொல்லிட்டேன்?" இதைச் சொல்லும்போது மட்டும் குரலில் மேடை இருக்காது.

மற்ற நேரங்களில் இருக்கும். அவர் கடை ஷட்டரின் இடது பக்கம் ஒரு பள்ளம். அன்று விழுந்த கல்லின் தடம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். தெருவுக்கே ஷட்டர் மாட்டுகிறவர் தன் ஷட்டரை மாற்றவில்லை. பள்ளத்தைச் சுற்றி மட்டும் பெயின்ட் அடிக்கிறார். அவர் மனைவி, மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும்போது, யாரும் கேட்காமலே சொல்வார்: "டெம்போக்காரன் ரிவர்ஸ் எடுத்தப்ப இடிச்சது. நான்தான் பக்கத்துல நின்னு வா வான்னு சொன்னேன்."

கடையில் அவரைத் தவிர ஒரே ஆள், சித்தி மகள். கணவன் போன பிறகு இங்கே வந்து சேர்ந்தவள். நடுவயது. காலையில் பூட்டைத் திறப்பதிலிருந்து மாலையில் துடைப்பம் போடுவது வரை நின்றபடியே வேலை செய்கிறாள். "வேலைக்காரின்னு சொல்லிடாதீங்க, தங்கச்சி," என்று வருகிறவர்களைத் திருத்துவார். தங்கச்சிக்குச் சம்பளம் என்று ஒன்று பேசுவது அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் பேசுவதில்லை.

அரசியலில் அவருக்கு ஒரே ஒரு கொள்கை. "நாம எதைக் கொண்டு வருவோம்னு ஜனங்க கேக்க மாட்டாங்க. எதை வரவிட மாட்டோம்னு சொன்னா போதும், ஓட்டு தானா விழும்." இத்தனை சங்கத் தேர்தல்களிலும் விழுந்தது.

இந்த வருஷம் கைப்பேசி உறை விற்கும் பையன் ஒருவன் எதிர்த்து நின்றான். அவன் சொன்னது, தெருமுனையில் ஒரு கழிப்பறை, பின்பக்கம் வண்டி நிறுத்த இடம். அவ்வளவுதான். "கக்கூஸ் கட்டுறதெல்லாம் ஒரு அரசியலா?" என்று தலைவர் சிரித்தார். பொதுக்கூட்டத்தில் வழக்கம்போல மில் மூடிய வருஷத்தை ஆரம்பித்தார். தீ, புகை, கல்லாப்பெட்டிக்கு அடியில் அப்பா. முன்பெல்லாம் அந்த இடத்தில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்துவார்கள். இந்த முறை பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மரியாதையாகவே கேட்டது: "தீ வச்சவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க தலைவரே?"

"பதுங்கி இருக்காங்க," என்றார் தலைவர்.

"ஒருத்தர் என் மாமனார்தான்," என்றார் பாத்திரக் கடைக்காரர். "வீட்டுலதான் படுத்திருக்கார். எழுப்பணும்னா கத்தணும்."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. தலைவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. பாத்திரக் கடைக்காரர் கையில் உறைக்காரப் பையனின் துண்டுச்சீட்டு இருந்ததை அப்போதுதான் பார்த்தார். இருபக்கமும் திரும்பினார். எல்லாக் கைகளிலும் இருந்தது.

அடுத்த நாள் அவர் போன இடம், வாழ்நாளில் அவர் கால் வைக்காத இடம். தொழிற்சங்க அலுவலகம் பல் மருத்துவரின் மாடியில் இருக்கிறது. பாதியைத் தையல் வகுப்புக்கு விட்டிருக்கிறார்கள். மீதியில் சங்கச் செயலாளர் இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தலைவர் பிஸ்கட் பாக்கெட்டை மேசையில் வைத்தார்.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார் செயலாளர்.

"ஊர்வலம் எப்ப?"

"எந்த ஊர்வலம்?"

"ஏதாவது ஒரு ஊர்வலம். வருஷத்துக்கு ஒண்ணாவது விடுவீங்களே. போன வருஷமே காணோம்."

"மழை. அதுக்கு முந்தி எனக்குக் கண் ஆபரேஷன்."

தலைவருக்கு ஆற்றாமை வந்தது. "உங்க புத்தகத்திலேயே என்ன போட்டிருக்கு? சோர்வு வர்ற காலத்துலதான் அமைப்பு தெருவுல நிக்கணும்னு போட்டிருக்கு. பெரிய புத்தகம், ரெண்டாம் பாகம்."

"நான் முதல் பாகத்தோட நிறுத்திட்டேன்," என்றார் செயலாளர். "எழுத்து ரொம்பப் பொடிசு."

"எதுக்குன்னு சொல்லி ஊர்வலம் போறது? இப்ப பிரச்சினைன்னு ஒண்ணும் கைவசம் இல்லையே," என்றும் கேட்டார். தலைவர் பொறுமை இழந்தார். "என்ன இல்ல? கடைத்தெருவுல அத்தனை கடையிலயும் பொம்பளைங்க நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை செய்றாங்க. உக்கார ஒரு நாற்காலி கிடையாது. கால் வீங்கிப் போகுது. இது உங்க கண்ணுல படலையா? நான் சொல்லித் தரணுமா?"

செயலாளர் தைலப் புட்டியை மூடினார். "நியாயமாத்தான் இருக்கு," என்றார். ஒரு தாளை எடுத்து, நாற்காலி வழங்குமாறு அன்புடன் வேண்டுகிறோம் என்று எழுதினார். தலைவர் தலைகீழாகவே அதைப் படித்துவிட்டார்.

"அன்புடனா? இது என்ன கல்யாணப் பத்திரிகையா? எச்சரிக்கிறோம்னு போடுங்க. நாற்காலி கொடு, இல்லையேல் கடை இருக்காதுன்னு போடுங்க. மைக் செட் நான் அனுப்புறேன். யார் அனுப்பினதுன்னு சொல்ல வேண்டாம்."

படியிறங்கும் முன் திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கு எங்க கடை ஷட்டர்ல கல் எறிஞ்சது உங்க ஆளுங்கதானே?"

"உங்க கடைப் பக்கம் நாங்க வரவே இல்லையே. போலீஸ் அந்த முக்கிலேயே மறிச்சிட்டாங்க."

"யாராவது கேட்டா நீங்கதான் எறிஞ்சதா சொல்லிடுங்க," என்றார் தலைவர். "உங்களுக்கும் ஒரு கௌரவம்."

ஊர்வலத்துக்கு முதல் நாள் எல்லாக் கைப்பேசிகளிலும் வணிகர் சங்கத்தின் செய்தி வந்தது. 'நாளை மாலை தீவிரவாத ஊர்வலம். ஷட்டர்களைச் சரிபார்த்துக்கொள்ளவும். பயப்பட வேண்டாம்.' வாக்கெடுப்புக்கு இன்னும் சில நாள்களே இருந்தன. தலைவர் காலையிலேயே சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு வந்திருந்தார்.

"அண்ணே, நாற்காலிக்காகத்தானாமே," என்றாள் தங்கச்சி. "நானும் போகட்டுமா?"

"நீ எதுக்கு? அது வேலைக்காரங்களுக்கு. நீ நம்ம குடும்பம்."

அவள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றுகொண்டாள்.

மாலையில் ஊர்வலம் தெருவுக்குள் வந்தது. முன்னால் செயலாளர், கையில் மைக். பின்னால் இரண்டு பேர் ஒரு நீளப் பதாகையைக் கழிகளில் தூக்கி வந்தார்கள். அதற்குப் பின்னால் சில முதியவர்கள், தையல் வகுப்பிலிருந்து வேடிக்கையாகச் சேர்ந்துகொண்ட சிலர், ஒரு போலீஸ்காரர். போலீஸ்காரர்தான் வேகமாக நடந்தார். மற்றவர்களுக்காக அடிக்கடி நின்றார். கடைக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். யாரும் ஷட்டரில் கை வைக்கவில்லை. உறைக்காரப் பையன் தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுபோய்க் கொடுத்தான். கூடவே தன் கடையிலிருந்த முக்காலியையும் எடுத்துப்போட்டு, "உக்காருங்க தாத்தா," என்றான். பதாகையின் வலது கழியைப் பிடித்திருந்தவர், பழைய தபால்காரர், யோசிக்கவே இல்லை. கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

கழி சரிந்தது. பதாகை ஈரத் துணிபோல மடிந்து சாக்கடை ஓரம் தொங்கியது. எச்சரிக்கையில் பாதி மடிப்புக்குள் போய்விட்டது. வெளியே தெரிந்தது, 'நாற்காலி' என்பது மட்டும். யாரோ, "ஃபர்னிச்சர் கடை விளம்பரமா?" என்றார்கள். சிரிப்பு வாசல் வாசலாக நகர்ந்தது. பாத்திரக் கடைக்காரர் உள்ளே திரும்பி வாடிக்கையாளரிடம் விலை சொல்லத் தொடங்கினார்.

தலைவர் எதிர்ப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கில் செயலாளரின் குரல் இருமலில் தடுக்கி நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் கலைந்துவிடுவார்கள் என்பது தெரிந்தது. பையன் தபால்காரருக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

தலைவர் படியிறங்கினார். துவைத்த சட்டையோடு சாக்கடை ஓரம் குனிந்து, கழியை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கினார். மடிப்பை உதறினார். இடது கழிக்காரரிடம், "நல்லா இழுத்துப் பிடிங்கய்யா, எழுத்து தெரிய வேணாமா?" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். பதாகை விறைப்பாக நிமிர்ந்தது. இல்லையேல் கடை இருக்காது என்ற வரி தெருவின் இரண்டு பக்கமும் தெரிந்தது. செயலாளர் புதுத்தெம்போடு கோஷம் போட்டார். பின்னால் இருந்தவர்களின் பதில் முணுமுணுப்பாக இருந்தது. தலைவர் கழுத்து நரம்பு புடைக்க அதை முழுக் குரலில் முடித்து வைத்தார். கடைக்காரர்களின் சிரிப்பு நின்றது. அவர்களுக்கு என்ன நினைப்பது என்று தெரியவில்லை.

ஊர்வலம் அவருடைய கடைக்கு எதிரே வந்தது. தங்கச்சி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பதாகையை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பிறகு அதைப் பிடித்திருந்தவரைப் பார்த்தாள். அவர் கோஷத்தின் நடுவில் இருந்தார், வாய் ஒழியவில்லை. கழியைவிட்டுக் கையை எடுக்கவும் முடியவில்லை. அதனால் தாடையை உயர்த்தி, கண்ணால் மேலிருந்து கீழே அவசரமாகக் காட்டினார், ஷட்டரை இறக்கு என்று.