சகரியாவின் ஊழியம்

கேரட்டை அவர் கழுவுவதோடு சரி, தோல் சீவுவதில்லை. விரல் பருமனுக்கு ஒன்பது பொறுக்கி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, காலை ஷிஃப்ட் மணி அடிக்க இருபது நிமிடம் இருக்கும்போதே தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்புக்குள் வந்துவிடுவார். ஒன்பது பிரஸ்ஸுக்கு ஒன்பது கேரட். தொழிலாளியின் கை போகும் இடத்தில் இடுக்கியால் கேரட்டை நீட்டிப் பிடித்துக்கொண்டு பெடலை மிதிப்பார். குறுக்கே ஏதோ இருக்கிறது என்று சென்சார் கண்டுகொண்டால் பிரஸ் இறங்காது. கண்டுகொள்ளாவிட்டால் கேரட் இரண்டு துண்டு.

குச்சி போதாதா என்று ஒருநாள் கேட்டேன்.

"குச்சி ஒடைஞ்சா யாருக்கு சார் பயம் வரும்? கேரட்டு துண்டாவறதப் பாத்தா அவனவன் கையத் தொட்டுப் பாத்துக்குவான்" என்றார்.

சூளகிரிக்கு அருகே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வண்டிகளுக்குத் தகட்டு உதிரிபாகம் அடித்துக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. சகரியா அண்ணன் அங்கே எலக்ட்ரீஷியன். நான் ஸ்டோர் பார்க்கிறேன். அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆள் ஒல்லி. பேண்ட்டை பெல்ட் போதாமல் ஒயர் துண்டாலும் கட்டியிருப்பார்.

பயந்தவர் என்றால் அப்படி இப்படி அல்ல. நாய் குரைத்தால் மொபெட்டை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். லாரி ஹாரன் அடித்தால் சாலையை விட்டு மண்ணில் இறங்கி நின்றுவிடுவார். புது நம்பரிலிருந்து போன் வந்தால் மனைவியிடம் கொடுத்துவிடுவார். புரொடக்ஷன் மேனேஜர் குருமூர்த்தி கூப்பிடுகிறார் என்றால் முதலில் பாத்ரூம், அப்புறம்தான் கேபின். இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் எங்கள் கம்பெனியில் இல்லை. நானும் சிரித்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் ஆண்டவர் கூப்பிட்டார். அதற்கு முன்னால் நடந்ததை அவர் எளிதில் சொல்ல மாட்டார். வேறொரு கம்பெனியில் இருந்தபோது, வேலை வேகமாக ஓட வேண்டும் என்று மேலே சொன்னார்கள். இவரும் பயந்துகொண்டு ஒரு பிரஸ்ஸின் சென்சாரை வேலை செய்யாமல் பண்ணிக் கொடுத்தார். மூன்றாம் நாள் முனிராஜ் என்பவரின் மூன்று விரல்கள் போயின. அவற்றைப் பாலிதீன் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் இவர்தான். ஒட்ட வைக்க முடியவில்லை. முனிராஜ் இன்றைக்குக் குருபரப்பள்ளியில் இளநீர் வெட்டுகிறார். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் சகரியா அண்ணன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

அதே வருடம் சபையில் உபவாச ஜெபம். ஊழியத்துக்கு அழைப்புள்ளவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார் பாஸ்டர். முதல் ஆளாக எழுந்து நின்றவர் இவர். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. வீட்டில் வெள்ளை ஜிப்பா தைத்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு சாட்சி சொல்ல மேடையேற்றினார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நாலு நிமிடம் நின்றார். ஒரு சொல் வரவில்லை. வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம்.

"ஊழியம்னா பிரசங்கம்தான்னு நானா நெனச்சிக்கினன் சார். ரெண்டு மாசம் சோறு எறங்கல. அப்பறம்தான் தோணுச்சு, எனக்குத் தெரிஞ்சது பிரஸ்ஸு. தெரிஞ்ச எடத்துக்குத்தான கூப்புடுவாரு?"

இந்தக் கம்பெனிக்கு வந்த முதல் நாளே கேரட்டோடுதான் வந்தார். யாரும் சொல்லிச் செய்வதில்லை. பயம் போக ஜெபம் பண்ணக் கூடாதா என்று கேட்டால், "பண்ணிப் பாத்தன், போவல. அதையும் கூட்டிக்கினு போவ வேண்டிதான்" என்பார்.

போன செவ்வாய்க்கிழமை நாலாம் நம்பர் பிரஸ்ஸில் கேரட் துண்டானது. அதை ஓட்டுகிற பெண் சுவேதா. ஜவளகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறாள், சேர்ந்து பதினோரு நாள். சகரியா அண்ணன் சுவரோரப் பேனலைத் திறந்து அந்தப் பிரஸ்ஸின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேனல் கதவை மூடிவிட்டு அதன் முன்னாலேயே நின்றார்.

மணி அடித்து மற்ற பிரஸ்கள் ஓடத் தொடங்கியதும் குருமூர்த்தி வந்தார். அவருடைய போன் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு லாரியில் சரக்கு ஏற வேண்டும்.

"என்னய்யா?"

சகரியா அண்ணன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மூன்றாம் தடவைதான் வந்தது. "சென்சாரு போச்சு சார். ஓட்டக் கூடாது."

"புதுசு நாளைக்கு வந்துரும். இன்னிக்கு ஒரு நாள் பாத்து ஓட்டட்டும். ஒன்னும் ஆவாது."

"நா பாத்து ஓட்டிக்கிறன்ணா. சார் சொல்றாரில்ல" என்றாள் சுவேதா. கான்ட்ராக்டில் வந்த பெண். வேலை போய்விடுமோ என்று அவளுக்குப் பயம்.

"முனிராஜும் இதேதாம் பாப்பா சொன்னான்."

குருமூர்த்திக்குக் கோபம் வந்துவிட்டது. "ஃபியூஸ மாட்டு. இல்லன்னா கேட்டுக்கு வெளிய போ. இந்த வயசுல எவன் வேல குடுக்கறான்னு பாக்கறன்." அது வெறும் மிரட்டல் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மற்ற எட்டு பிரஸ்ஸும் ஒவ்வொன்றாக நின்றன. அத்தனை சத்தமில்லாத பிரஸ் ஷாப்பை நான் கேட்டதே இல்லை.

குருமூர்த்தி என் பக்கம் திரும்பினார். "ஸ்டோர்ல வேற ஃபியூஸ் இருக்குதில்ல? எடுத்துட்டு வா."

போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் போனேன். இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் தைரியம் வேண்டுமே. எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோதும் சகரியா அண்ணன் அதே இடத்தில்தான் நின்றார். நிற்கிறார் என்று சொல்வதே தப்பு. முழங்கால் இரண்டும் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன. உதடு வெளுத்திருந்தது.

"அண்ணே, தள்ளிக்குங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த ஃபியூஸைப் பார்த்தார். அதற்குமேல் கால் தாங்கவில்லை. பேனல் கதவில் முதுகு உரச அப்படியே சரிந்து, கதவை யாரும் திறக்க முடியாதபடி தரையில் உட்கார்ந்தார். கைகள் இரண்டையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.